வான்குடையும் கித்தா வளையமும்

பாராசூட்டை மலாய் மொழியில் ‘பாயோங் தெர்ஜுன்’ என்பர். பாயோங் என்றால் குடை. தெர்ஜுன் என்றால் குதித்தல். நாம் அதனை வான்குடை என்கிறோம். இரு மொழியாரும் உருவத்தைக் கண்டே பெயரிட்டிருக்கின்றனர். பிரெஞ்சுக்காரர் அவ்வாறு செய்யவில்லை. 1783-ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்துக் கோபுரம் ஒன்றிலிருந்து குதித்துக் காட்டிய லெனோர்மான் என்பவர் ஆக்கிய பாராசூட் என்னும் சொல்லுக்கு ‘வீழ்ச்சியைத் தடுப்பது’ என்பதே பொருள். அஃது அப்பொருள் செய்யும் தொழிலைக் கண்டு இட்ட பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று விளையாட்டுக்காக வானிலிருந்து குதிப்போர் தலைக்குமேல் விரித்துக்கொள்வது குடை வடிவமே அன்று. அது நீள்சதுரமான ஒரு துணிச் சிறகு. முன்பக்கம் வாய் திறந்த ஏழு அல்லது ஒன்பது அறைகளை அடுத்தடுத்துத் தைத்து, அவற்றுள் காற்றுப் புகுந்து நிரம்பியதும் விமானச் சிறகுபோல் விறைத்து நிற்குமாறு செய்திருக்கின்றனர். டொமினா ஜால்பர்ட் என்னும் அமெரிக்கர் இதற்கு 1966-ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். உருவத்தைக் கண்டு வைத்த பெயர் பழையதாகிவிட்டது. தொழிலைக் கண்டு வைத்த பெயரோ இன்றும் பொருந்துகிறது. கலைச்சொல் ஆக்கம் பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர்களுக்கு இஃதோர் எடுத்துக்காட்டாக உதவும். எனினும், வான்குடை என்னும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டமையால் ஈண்டும் அதனையே ஆளுகின்றேன்.

சொல்லாராய்ச்சி நிற்க. இந்தத் துணிச் சிறகுக்கும் நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. லிங்கி, ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் அங்கே பால் வெட்டிய ஒரு குடும்பத்தின் நினைவு நம்மவருக்கு வரும். அவர்கள் இருட்டோடு எழுந்து வெட்டி, மங்குகளில் சேர்த்து, வாளியில் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்த கித்தாப் பால் எங்கெங்கே சென்றது, என்னவாயிற்று என்று கேட்டால், மோட்டார் வண்டியின் டயர் என்போம், கையுறை என்போம், செருப்பு என்போம். வானிலிருந்து குதிப்பவன் முதுகில் உள்ள பையைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அஃது இருக்கும். பத்துப் பன்னிரண்டு சிறு ரப்பர் வளையங்களாக இருக்கும். அந்த வளையங்கள் சரியாக இருந்தால் அவற்றை எவரும் நினைப்பதில்லை. சரியாக இல்லையெனில் ஓர் உயிர் போகக்கூடும்.

நம் நாட்டில் வான்குடை புதிதன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் மாதக்கணக்கில் தங்கியிருந்த படையினருக்கு உணவும் மருந்தும் வான்குடைகளில் கட்டிப் போடப்பட்டன. ஆட்களும் குதித்தனர். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சயாம் எல்லையை ஒட்டிய பேராவின் பெலும் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் இறங்கியபோது, பலர் குறி தவறிக் காட்டு மரங்களின் உச்சியில் விழுந்தனர். பெருங்கேடு விளையாததைக் கண்ட அதிகாரிகள், மரத்தின்மேல் இறங்குவதையே ஒரு முறையாக்கிவிட்டனர். வீரன் மர உச்சியில் சிக்கிக்கொண்டதும், உடன் கொண்டு சென்ற நீண்ட கயிற்றைக் கிளையில் கட்டிக் கீழே இறங்க வேண்டும். நம் காட்டு மரங்களில் சில இருநூறு அடி உயரம் வளர்பவை. பற்றிய கிளை முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உயிர்ச்சேதமும் உறுப்புச்சேதமும் நேர்ந்தன. முதல் முறை நன்றாக முடிந்தது என்பதற்காக ஒன்றை விதியாக்குதல் எத்துணைத் தவறு என்பதற்கு இதனைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்பொழுது மலேசியத் தரைப்படையின் பத்தாவது வான்குடைப் படைப்பிரிவு, 1994-ஆம் ஆண்டு முதல், நம் மாநிலத்தின் எல்லைக்கு அப்பால் மலாக்காவின் தெரண்டாக் முகாமை இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. விளையாட்டாகக் குதித்தல், கெமாஸுக்கு அப்பால் ஜொகூர் மாநிலத்துச் செகாமட்டின் சிறு விமானத் தளத்தில் நடந்ததுண்டு. கோலாலம்பூர்க் கோபுரத்திலிருந்து குதிக்கும் விழாவுக்குப் பல நாட்டாரும் வருவர். ஆனால் அது விமானத்திலிருந்து குதிப்பதினும் வேறான கலை. நெகிரி செம்பிலானின் மேற்குப் பகுதியோ 1998-இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையத்தின் அண்டையில் இருக்கிறது. பெரிய விமானங்கள் ஓயாமல் ஏறி இறங்கும் வானில் மனிதர்கள் விழுந்து விளையாட இடம் கிடைப்பது அரிது. தோட்டங்களும் இறங்குவதற்கு ஏற்றவை அல்ல. பால்மரத்தில் விழுந்தால் கிளை குத்தும். செம்பனையில் விழுந்தால் மட்டையின் முள் கிழிக்கும். மரத்தில் விழ நேர்ந்தால் கால்களை இறுகச் சேர்த்து, கைகளால் முகத்தை மூடிக்கொள் என்பது இவ்விளையாட்டின் முதற்பாடங்களுள் ஒன்று.

இனி, குதிப்பது எவ்வாறு என்று பார்ப்போம். விளையாட்டு வீரர் வழக்கமாக ஏறக்குறைய நாலாயிரம் மீட்டர் உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறுவர். குனோங் லேடாங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு என்று கொள்ளலாம். முதல் பத்துப் பன்னிரண்டு நொடிகளில் வேகம் கூடிக்கொண்டே போகும். பிறகு காற்றின் தடையும் உடலின் எடையும் சமமாகி, வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். வயிறு கீழாகப் படுத்த நிலையில் விழுவோருக்கே இக்கணக்கு. தலைகீழாக விழுவோர் இன்னும் விரைந்து செல்வர். இவ்வாறு ஏறக்குறைய ஒரு நிமிடம் விழுந்தபின், ஆயிரம் மீட்டருக்குக் குறையாத உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ வான்குடையைத் திறப்பர். அந்த வேகத்தில் 900 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய பதினேழு நொடிகள் போதும். ஆகவே ஏதேனும் கோளாறு நேர்ந்தால், கண்டு, முடிவு செய்து, செய்கையில் இறங்க எஞ்சியிருக்கும் வாழ்நாள் பதினேழு நொடிகளே.

திறக்கும் முறையைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும்; வளையத்தின் வேலை அங்கேதான் இருக்கிறது. முதுகுப்பைக்குள் மடித்த குடை நேரே வைக்கப்படுவதில்லை. முதலில் அஃது ஒரு சிறிய உட்பைக்குள் திணிக்கப்படுகிறது. குடையிலிருந்து வீரனின் தோள்வார் வரை செல்லும் கயிறுகள் ஏறக்குறைய இரண்டு ஆள் நீளம் இருக்கும். இக்கயிறுகளை ஒரு கற்றையாகச் சேர்த்து, அதில் ஒரு மடிப்பை எடுத்து, உட்பையின் வாயில் உள்ள ரப்பர் வளையத்துள் செருகுவர். இப்படி இரண்டு மூன்று மடிப்புகள் பையின் வாயைப் பூட்டிவிடும். எஞ்சிய கயிற்றை இடமும் வலமுமாக வளைத்து, மற்ற வளையங்களில் வரிசையாகச் செருகிக்கொண்டே போவர். பார்ப்பதற்குத் தறியில் பாவு சுற்றியதுபோல் இருக்கும்.

வீரன் இடுப்பின் பின்புறத்தில் உள்ள சிறு முன்குடையை உருவிக் காற்றில் எறிகிறான். அஃது ஒரு கைக்குட்டையினும் சில மடங்கே பெரியது. காற்று அதனைப் பிடித்து இழுக்க, அதனோடு இணைந்த நாடா முதுகுப்பையின் ஊசியை உருவ, பை திறந்து உட்பை மேலெழும்புகிறது. இப்பொழுது கயிறு ஒவ்வொரு வளையமாக விட்டு விட்டு நீள்கிறது. கடைசி மடிப்பும் விட்டபின்தான் உட்பையின் வாய் திறக்கும். திறந்தால்தான் குடை வெளிவரும். அதாவது, கயிறு முழுவதும் நீண்டு விறைத்த பிறகே துணி காற்றைக் காண வேண்டும். இந்த முறைமையைக் காப்பது ரப்பர் வளையம்.

துணி வெளிவந்ததும் அதுவும் ஒரேயடியாக விரிந்துவிடக் கூடாது. அதற்கென்று வழுக்குத் துணி ஒன்று உண்டு. நான்கு மூலையிலும் உலோக வளையம் பதித்த அத்துணி நான்கு கயிற்றுக் கற்றைகளையும் ஒன்றாக நெருக்கிப் பிடித்தபடி மேலேயிருந்து மெல்லக் கீழிறங்கும். அஃது இறங்க இறங்கக் குடை அகலும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்று நொடியளவில் 190 கிலோமீட்டர் வேகம் இருபது முப்பது கிலோமீட்டராகத் தணிந்துவிடும்.

உயிர்காக்கும் பொருள் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நாம் எண்ணுவோம். கயிற்றுக்கு அது பொருந்தும், துணிக்கும் பொருந்தும். ரப்பர் வளையத்துக்குப் பொருந்தாது. அது பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். எதிர்பாராமல் சிக்கிக்கொண்டால் அறுந்தும் போக வேண்டும். கயிற்றை வளையத்திலிருந்து உருவ நான்கைந்து கிலோகிராம் அளவு இழுப்பு வேண்டும் என்பது குடை செய்வோர் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதற்கு மிகக் குறைந்தாலும் கேடு. மிகக் கூடினாலும் கேடு.

குறைந்தால் என்ன ஆகும்? பழைய, தளர்ந்த வளையங்கள் கயிற்றைப் பிடிக்க மாட்டா. உட்பை எழும்பும் அதிர்ச்சியிலேயே கயிறு மொத்தமாகக் கொட்டிவிடும். பையின் வாயும் திறந்து, கயிறு விறைக்குமுன்பே துணி காற்றில் அகப்படும். வழுக்குத் துணி தன் இடத்தில் நிற்பதற்கு நேரமில்லை. மூன்று நொடியில் குறைய வேண்டிய வேகம் ஒரு நொடிக்குள் குறையும். ஓடும் மோட்டார் வண்டி சுவரில் மோதியதுபோல் வீரன் உலுக்கப்படுவான். இத்தகைய திறப்பினால் கழுத்தெலும்பு முறிந்தோர் உண்டு, குடை கிழிந்ததுண்டு, வானிலேயே உயிர் துறந்தோரும் உண்டு.

கூடினால்? அதற்குப் பைப்பூட்டு என்று பெயர் வைக்கலாம். வளையம் மிகச் சிறியதாக இருந்து, கயிற்றை இருமுறை சுற்றிவிட்டாலோ, ஒரு மடிப்பு மற்றொன்றில் மாட்டிக்கொண்டாலோ, உட்பையின் வாய் திறக்கவே திறக்காது. தலைக்குமேல் கயிறு நீண்டிருக்கும்; அதன் முடிவில் ஒரு மூட்டை ஆடிக்கொண்டிருக்கும்; அதற்கும் மேலே முன்குடை படபடக்கும்; வீரனோ ஏறக்குறைய பழைய வேகத்திலேயே விழுந்துகொண்டிருப்பான். வளையம் இயற்கை ரப்பராக இருந்தால் அந்த இழுப்பில் அறுந்து வழிவிடுவதற்கு வாய்ப்பு உண்டு. அறுந்து போதல் அதன் குறை அன்று. அதற்காகவே அஃது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வளையம் அடிக்கடி அறுவது தொல்லை என்று கருதிச் சிலர் அறாத குழாய்த் துண்டுகளை வளையமாகப் பயன்படுத்தினர். நீண்டநாள் உழைத்தன, ஆனால் விட வேண்டிய நேரத்தில் விடாமல் சிக்கலும் விளைத்தன.

இதில் வல்லுநரிடையே கருத்து வேற்றுமை இல்லாமல் இல்லை. பையின் வாயைப் பூட்டும் சில மடிப்புகளை மட்டும் வளையத்தில் செருகி, எஞ்சிய கயிற்றை ஒரு சிறு அறைக்குள் சுருட்டி வைத்தால் போதும் என்போர் இன்று பெருகிவருகின்றனர். அவ்வாறு அமைந்த உட்பைகளும் விற்பனையில் உள்ளன. மாற்றுக்குடையைப் பொறுத்தவரை இக்கருத்து முன்பே வென்றுவிட்டது. தலைமைக் குடை திறவாதபோது விரிக்கும் அந்த இரண்டாம் குடையில் சாதாரண ரப்பர் வளையங்களை நம்புவதில்லை. துணியுறை போட்ட மீள்கயிறு ஒன்றை ஒரே சுற்றாக அமைத்திருப்பர். ஒரு பக்கம் விட்டால் மறுபக்கமும் தானே விட்டுவிடும். தலைமைக் குடையை வீரனே மடித்துக்கொள்ளலாம். மாற்றுக்குடையை மடிக்க உரிமம் பெற்றவர் வேண்டும்.

வளையத்தோடு தொடர்பில்லாத கோளாறுகளும் பல. கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளுதல் மிகப் பொதுவானது. கால்களை உதைத்துச் சுழன்றால் பெரும்பாலும் பிரிந்துவிடும். ஒரு கயிறு குடையின் மேற்புறமாகச் சென்று துணியை இரண்டாக நெருக்குவது கொடியது. குடை சுழலத் தொடங்கும். முதுகுப்பை தானே திறந்து, முன்குடை இன்னும் தன் இடத்திலேயே சிக்கியிருக்க, குதிரை லாடம்போல் கயிறு வளைந்து நிற்பது எல்லாவற்றினும் கொடியது. இவற்றுக்கெல்லாம் செய்யத்தக்கது ஒன்றே. வலப்பக்கத்துப் பிடியை இழுத்துக் கெட்ட குடையைக் கழற்றிவிட வேண்டும். உடனே இடப்பக்கத்துப் பிடியை இழுத்து மாற்றுக்குடையைத் திறக்க வேண்டும். இந்த இரண்டு செய்கைகளையும் வீரர் தரையில் நின்று நூற்றுக்கணக்கான முறை பழகுவர்.

அவ்வாறு ஒரே இழுப்பில் குடையைக் கழற்ற முடிவதும் எளிதில் வந்த வசதி அன்று. ஒருவனுடைய எடையையும், சுழற்சியினால் பன்மடங்காகும் இழுப்பையும் தாங்கும் ஓர் இணைப்பை, இரண்டு விரலால் உருவும் கம்பி கொண்டு விடுவிக்க வேண்டும். 1970-களின் நடுவில் பில் பூத் என்பவர் இதனைத் தீர்த்தார். பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று உலோக வளையங்களை ஒன்றன் வழியே ஒன்றைக் கோத்தார். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல்போல் நின்று இழுப்பைக் குறைத்துக்கொண்டே வர, கடைசியில் ஒரு சிறு நூல்வளையம் தாங்கும் அளவே சுமை எஞ்சும். நெம்புகோல் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு இதனைவிடச் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வீரன் மயங்கிவிட்டால்? அல்லது உயரத்தை மறந்துவிட்டால்? அதற்கென ஒரு கருவி உண்டு. ஜெர்மானியரான ஹெல்முட் குளோத் ஆக்கி 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த சைப்ரஸ் என்னும் கருவி, காற்றழுத்தத்தை இடைவிடாமல் அளந்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. தரைக்கு ஏறக்குறைய 225 மீட்டர் உயரத்தில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒருவன் விழுவதைக் கண்டால், மாற்றுக்குடைப் பையைக் கட்டியிருக்கும் நூலை ஒரு சிறு கத்தி அறுத்துவிடும். அந்நேரத்தில் அவனுக்கு எஞ்சியிருப்பது நான்கு நொடி. ஈண்டும் காப்பாற்றுவது உரிய நேரத்தில் ஒன்று அறுவதே.

தனியே குதிப்போர் கதை இது. இவ்விளையாட்டின் சுவை பலர் கூடிக் குதிப்பதில் இருக்கிறது என்பர் அதில் ஈடுபட்டோர். நால்வரோ எண்மரோ ஒன்றாக விமானத்தை விட்டு நீங்கி, விழுந்துகொண்டே ஒருவர் கையையோ காலையோ மற்றவர் பற்றி ஓர் உருவம் அமைப்பர். அதைக் கலைத்து வேறோர் உருவம் அமைப்பர். நம் கோலாட்டத்தில் பெண்கள் வட்டமாக நின்று, பிரிந்து, பின்னி, மீண்டும் கூடுவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். கோலாட்டத்துக்குத் தரை உண்டு. இவர்களுக்குத் தரை, தம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும் ஒன்று.

நால்வர் போட்டியில், தனியொருவர் அமைப்பாக ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பதினாறு உருவங்களும், ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும் விதத்தோடு எண்களால் குறிக்கப்படும் இருபத்திரண்டு தொகுதிகளும் விதிநூலில் வரையப்பட்டுள்ளன. போட்டிக்கு முன் சீட்டுக் குலுக்கி ஒவ்வொரு சுற்றுக்கும் எவை எவை என்று அறிவிப்பர். அவ்வரிசையைக் குழுவினர் 35 நொடிக்குள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பிழையின்றி முடிக்கின்றனரோ அத்தனை புள்ளி. எண்மருக்கு 50 நொடி. உலகத் தரத்துக் குழுக்கள் ஒரு சுற்றில் சராசரியாக இருபதுக்கு மேல் புள்ளி எடுப்பர். ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஓர் உருவம்!

இதனை மதிப்பிடுவது எவ்வாறு? முற்காலத்தில் நடுவர்கள் தரையில் மிகப் பெரிய தொலைநோக்கிகளின் பின்னே அமர்ந்து வானத்தைப் பார்த்து எண்ணினர். மேகம் மறைத்தால் வழக்கு. கண் இமைத்தால் வழக்கு. இப்பொழுது ஒவ்வொரு குழுவிலும் படம் எடுப்பவர் ஒருவர் உடன் குதிக்கிறார். தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவோடு குழுவினருக்குச் சற்று மேலே விழுந்தபடி எல்லாருடைய பிடிகளும் தெரியுமாறு படம் பிடிப்பது அவர் கடமை. அவர் தவறினால் குழுவின் உழைப்பு வீண். இறங்கியதும் அப்படம் நடுவர் அறைக்குச் செல்கிறது.

அங்கேதான் கணினி நிரல் வருகிறது. ஓம்னிஸ்கோர் போன்ற நிரல்கள் இதற்கெனவே எழுதப்பட்டவை. ஐந்து நடுவர்கள் ஒரே படத்தைப் பார்க்கின்றனர். குழு விமானத்தை விட்டு நீங்கிய கணத்திலிருந்து நிரல் நேரத்தைக் கணக்கிடுகிறது. 35-ஆவது நொடி முடிந்ததும் படத்தை அப்படியே நிறுத்திவிடுகிறது. ஒவ்வோர் உருவமும் அமைந்தபோது நடுவர் தத்தம் பொத்தானை அழுத்துவர். பிடி தவறியிருந்தாலோ, ஓர் உருவத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் எல்லாரும் முற்றும் பிரிந்து காட்டாவிட்டாலோ பிழை என்று குறிப்பர். எந்த நொடியில் எவர் எதனை அழுத்தினார் என்பதை நிரல் வரிசைப்படுத்தி, ஐவரில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்ட புள்ளியை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. ஐயம் எழுந்தால் மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம், மெதுவாகவும் பார்க்கலாம், ஆனால் எத்தனை முறை என்பதற்கு விதி உண்டு.

கணினி தானே மதிப்பிடுகிறது என்று சிலர் எண்ணுவது தவறு. உருவம் சரியா என்று காண்பது மனிதக் கண். நிரல் செய்வது எண்ணுதலும், நேரம் காத்தலும், ஐந்து கருத்துகளை ஒன்றாகக் கூட்டுதலுமே. என் கருத்தில் அதுவே போதும். படத்தை வரம்பின்றி நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு விரலையும் ஆராயத் தொடங்கினால் எந்தக் குழுவும் தேறாது. விடைத்தாளைத் திருத்திப் பழகிய நம் ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர்.

பெருங்கூட்டமாகக் கூடியதில் புகழ்பெற்றது நம் அண்டை நாட்டில் நடந்தது. 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தாய்லாந்தின் உடோன் தானி நகரின்மேல், ஐந்து ஹெர்குலிஸ் விமானங்களிலிருந்து குதித்த 400 பேர் ஒரே உருவமாக இணைந்தனர். அந்த உருவம் நிலைத்தது நான்கே கால் நொடி. பிறகு கூட்டம் பல திசையிலும் சிதறிப் பறந்து, ஒருவருக்கொருவர் இடைவெளி உண்டாக்கிக்கொண்ட பின்னரே குடைகளைத் திறந்தனர். ஏனெனில் கூட்டத்தின் நடுவில் ஒருவன் குடை தற்செயலாகத் திறந்துகொண்டால், அவன் சட்டென்று மெதுவாவான். அவனுக்கு மேலே உள்ளவன் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் அவன்மேல் வந்து விழுவான். தனியே குதிக்கும்போது தன் உயிருக்கு மட்டும் கேடாகும் ஒரு சோம்பல், கூட்டத்தில் பிறர் உயிருக்கும் கேடாகிறது. ஆகவே பெருங்கூட்டத்துக்கு அழைக்கப்படுவோரின் மூட்டைகளை முன்கூட்டியே சோதிப்பர்.

மீண்டும் நம் வளையத்துக்கு வருவோம். செயற்கை ரப்பர் எத்தனையோ வகை இருக்க, இதற்கு இயற்கை ரப்பரே பெரிதும் விரும்பப்படுவது ஏன்? பால்மரத்துப் பாலில் உள்ள பொருள், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. சும்மா இருக்கும்போது அவை சுருண்டு பின்னிக் கிடக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே ஆங்காங்கே முடிச்சு விழும். அதனால் இழுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். இதனை 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஆறே ஆண்டில், 1845-இல், இலண்டனில் ஸ்டீபன் பெர்ரி என்பவர் ரப்பர் வளையத்துக்கு உரிமம் பெற்றுவிட்டார். இயற்கை ரப்பரின் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. மிகுதியாக இழுக்கும்போது அதன் சங்கிலிகள் ஒழுங்காக நேர்நின்று படிகம்போல் இறுகுகின்றன. ஆதலால் சிறு கீறல் விழுந்தாலும் அஃது எளிதில் பரவுவதில்லை. எந்த இடத்தில் இழுப்பு மிகுதியோ அந்த இடமே வலுக்கிறது என்றால் வியப்பன்றோ?

ஆனால் அதற்குப் பகை மூன்று: வெயில், சூடு, ஓசோன். இவை ரப்பரின் சங்கிலிகளை அறுக்கின்றன. அதிலும் இழுபட்டு நிற்கும் ரப்பரை ஓசோன் விரைவில் தாக்கும். வான்குடையின் வளையமோ எப்பொழுதும் இழுபட்டே நிற்பது. புதிதாகப் பையில் மாட்டிய வளையம் சில திங்கள்களில் தளர்ந்துவிடும், வெடிப்புக் காணும். நம் நாட்டு வெப்பத்தில் வண்டியின் பின்பெட்டியில் மூட்டையைப் போட்டுவைத்தால் கேட்க வேண்டியதில்லை. ஆகவே மடிக்கும் இடத்தில் புது வளையங்கள் நிறைந்த ஒரு பை எப்பொழுதும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் ஒவ்வொரு வளையத்தையும் விரலால் இழுத்துப் பார்த்து, ஐயம் தோன்றினால் பிய்த்தெறிந்துவிட்டு வேறொன்று மாட்டுவர். ஒரு வளையத்தின் விலை ஒரு சில காசு. குடை முதலிய கருவிகளின் விலையோ ஒரு மோட்டார் வண்டியின் விலையை எட்டும். விலை உயர்ந்ததை அன்றாடம் துடைத்துப் பேணுவோர் சிலர், காசு பெறாத வளையத்தை மாற்றச் சோம்புகின்றனர் என்று பயிற்சி அளிப்போர் எங்கும் குறைப்படுகின்றனர்.

1896-ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் பால்மரம் நட்டபோதோ, பின்னர் நெகிரி செம்பிலானில் காடு அழித்துத் தோட்டம் போட்டபோதோ, வான்குடை விளையாட்டு என ஒன்று இருக்கவில்லை. இன்று அத்தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது, சில நகரமாகிவிட்டன. கித்தா என்னும் சொல்லும், அதற்கு மூலமான ‘கெதா’ என்னும் மலாய்ச் சொல்லும் முதியோர் பேச்சில் மிகுதியாகவும் இளையோர் பேச்சில் குறைவாகவும் வழங்குகின்றன. பால்மரத்தையே பாராத மாணாக்கர் நம் பள்ளிகளில் இருக்கின்றனர்.

அவர்களுக்குச் செய்து காட்ட இரண்டு சோதனைகள் சொல்வேன். அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென்று முழு நீளத்துக்கு இழுத்து உடனே மேலுதட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சூடு தெரியும். சிறிது நேரம் இழுத்துப் பிடித்திருந்து, பின் தளரவிட்டு வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரியும். இரண்டாவதற்குச் சில கிழமைகள் வேண்டும். ஒரே கட்டிலிருந்து மூன்று வளையங்களை எடுத்து, ஒன்றை இழுத்துப் பலகையில் ஆணிகளுக்கு இடையே மாட்டிச் சன்னலுக்கு வெளியே வையுங்கள். இன்னொன்றை இழுக்காமல் அதன் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். மூன்றாவதை மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு இருட்டான பெட்டிக்குள் வையுங்கள். முதல் வளையத்தில், இழுத்த திசைக்குக் குறுக்காக, நுண்ணிய வெடிப்புகள் வரிசையாகத் தோன்றும். எந்த நாளில் தோன்றின என்று மாணாக்கர் குறித்துக்கொள்ளட்டும்; மற்ற இரண்டையும் அன்றைக்கே எடுத்து, ஒரு பிடி கல்லைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, எது எத்தனை கல் தாங்கி அறுகிறது என்று எண்ணட்டும்.